நொதி இருக்கும் இடம்

ஆசிட் பாஸ்படேஸ் பரிசோதனையை இன்றைய லேப் ரிப்போர்ட்டுகளில் காண்பது அரிது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, வயதான ஆண் ஒருவர் முதுகுவலி என்று வார்டில் படுத்தாலே கேஸ் ஷீட்டில் அந்தப் பெயர் ஏறிவிடும். பயோகெமிஸ்ட்ரி லேபில் அதை யாரும் விரும்பிச் செய்ததில்லை. அவ்வளவு படுத்தும். எடுத்த ரத்தத்தைக் கொஞ்ச நேரம் மேசைமேல் விட்டாலே நொதி செயலிழக்கத் தொடங்கும். சீரத்தை உடனே பிரித்து, துளி அமிலம் சேர்த்து, ஐஸில் வைக்க வேண்டும். சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றிலுள்ள ஆசிட் பாஸ்படேஸும் கலந்து கணக்கைக் கெடுக்கும். ரத்தம் எடுக்கும் முன் டாக்டர் விரல் விட்டு புராஸ்டேட்டைத் தடவிப் பார்த்திருந்தால் அதுவும் வம்பு. ஒவ்வொரு சாம்பிளையும் டார்ட்ரேட் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை என்று இரண்டாகச் செய்வோம். டார்ட்ரேட்டுக்கு அடங்கும் பங்கு புராஸ்டேட்டிலிருந்து வந்தது என்பது அன்றைய வழக்கு.

அந்த நொதியை மனித புராஸ்டேட்டில் ஏராளமாகக் கண்டவர்கள் ஜெர்மானியர்களான குட்ஷரும் வோல்பெர்க்ஸும். ஆண்டு 1935. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அலெக்சாண்டர் கட்மன், எத்தெல் கட்மன் தம்பதி, புராஸ்டேட் புற்று பரவிய எலும்பிலும் அது இருப்பதைப் பார்த்தார்கள். 1938-ல் ரத்தத்திலும் அளந்தார்கள். எலும்புக்குப் பரவியவர்களுக்கு எண் ஏறியது. சுரப்பிக்குள்ளேயே புற்று அடங்கியிருந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஏறவில்லை. புராஸ்டேட் வெறுமனே வீங்கியவர்களுக்கும் ஏறவில்லை. பாடப்புத்தகத்தில் நாங்கள் இதை ஒரு வரியாக மனப்பாடம் செய்தோம். வீங்கிய சுரப்பியிலும் அந்த நொதி நிரம்பித்தானே இருக்கிறது, அது ஏன் ரத்தத்துக்கு வரவில்லை என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை. தேர்வில் வராத கேள்வி.

ஆண்கள் சர்ஜரி வார்டின் கடைசி வரிசைக் கட்டில்கள் எப்போதும் தாத்தாக்களுக்கு உரியவை. கட்டிலுக்குக் கீழே யூரின் பை தொங்கும். பேசவே கூச்சப்படுவார்கள். பேசினாலும், "தண்ணி போறதுல செரமமா இருக்குய்யா" என்று ஆண் ஹவுஸ் சர்ஜனிடம்தான் சொல்வார்கள். என்னைக் கண்டதும் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். எலும்புவரை பரவிய நிலையில் வந்தவர்களுக்கு அப்போது இருந்த முக்கிய வைத்தியம் விதைகளை அகற்றுவது. சிறிய அறுவை, செலவு இல்லை. அதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. ஆனால் புரண்டு படுக்க முடியாமல் கிடந்த மனிதர் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். மருந்துகள் பெருகிவிட்ட இன்றும் நம் நாட்டில் பலருக்கு அந்த அறுவை நடக்கிறது.

அதைக் கொடுத்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ். கனடாவில் ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிறுநீரக அறுவை நிபுணர். நாயின் புராஸ்டேட்டில் தொடங்கினார். ஆண் ஹார்மோன் இல்லாவிட்டால் அந்தச் சுரப்பி சுருங்கும் என்று பார்த்தவர், மனிதரின் புற்றும் அப்படியே நடந்துகொள்ளுமா என்று கேட்டார். 1941-ல் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் அவர் எழுதிய கட்டுரையில் சாட்சி சொன்னது ஆசிட் பாஸ்படேஸ்தான். விதைகளை எடுத்தால் ரத்தத்தில் அது இறங்கியது, ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் ஏறியது. ஒரு புற்றுநோய் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் என்பதற்கு நொதியின் எண்ணே ஆதாரமானது. 1966-ல் நோபல் பரிசு வந்தது.

அதே 1941-ல், அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில், இன்னொருவரும் ஆசிட் பாஸ்படேஸைப் பற்றி எழுதினார். ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் கொமோரி. பூஞ்சையைத் தேட நாங்கள் போடும் ஜி.எம்.எஸ். சாயத்தின் முதல் எழுத்து அவர் பெயர்தான். எத்தனையோ ரிப்போர்ட்டில் அதை எழுதியும், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் தோன்றவே இல்லை. ஹக்கின்ஸ் நொதி எவ்வளவு என்று ரத்தத்தில் அளந்துகொண்டிருக்க, கொமோரி அது எங்கே என்று திசுவில் தேடினார். மெல்லிய சீவலை, பாஸ்பேட் சேர்ந்த ஒரு பொருளும் ஈயமும் கலந்த கரைசலில் வைத்தார். நொதி இருக்குமிடத்தில் பாஸ்பேட் விடுபடும், ஈயம் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே படியும், பிறகு சல்ஃபைடு பட்டதும் கறுக்கும். நொதி தன் இருப்பிடத்தைத் தானே கறுப்பில் எழுதிக் காட்டியது. நோபல் ஹக்கின்ஸுக்குப் போனது நியாயம்தான். என் பிழைப்பு நடந்தது கொமோரியின் கேள்வியில்.

எம்.டி. பத்தாலஜி சேர்ந்த பிறகு எனக்கு ஃபார்மலின் வாசனைதான் எல்லாம். டி.யு.ஆர்.பி. சிப்ஸ் பாட்டிலில் வரும். சிறுநீர்ப் பாதையை அடைக்கும் புராஸ்டேட்டை உள்ளிருந்தே சுரண்டி எடுத்த துணுக்குகள். எடை பார்த்து, கேசட்டில் அடைத்து, இரவு முழுக்க மெஷினில் ஓடவிட்டு, மறுநாள் மெழுகில் புதைப்பார்கள். மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் ரிப்பனாக எடுத்து வெந்நீரில் மிதக்கவிடும் டெக்னீஷியன் அண்ணனின் கை, காற்றாடி சுழன்றால்கூட நின்றுவிடும். "மேடம், ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் பேசுங்க" என்பார். அவர் வெட்டித் தந்த சீவலில்தான் புராஸ்டேட் சுரப்பியின் அமைப்பை நான் கற்றேன். உள்வரிசையில் உயரமான சுரக்கும் செல்கள். அவற்றை வெளியிலிருந்து சுற்றி அடிச்செல்களின் வரிசை ஒன்று. அதற்கும் வெளியே ஒரு மெல்லிய சவ்வு. புராஸ்டேட் வீங்கி முதுமையில் தொல்லை தந்தாலும், அது புற்றில்லை என்றால் அந்த அடிச்செல் வரிசை இருக்கும். புற்றில் அது காணாமற்போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை அவ்வளவு மெல்லிசு.

ஃபாரன்சிக் வகுப்பும் இங்கே நினைவுக்கு வருகிறது. துணியில் உள்ள கறை விந்துதானா என்று பார்க்க ஒரு சொட்டுப் போடுவார்கள், ஊதா நிறம் பூக்கும். அதுவும் ஆசிட் பாஸ்படேஸே. விந்தில் அது குவிந்து கிடப்பதால் விரைவில் காட்டிக்கொடுக்கும். அதே விந்துத் திரவத்தில் இன்னொரு புரதத்தையும் தேடினார்கள். ஜப்பானில் ஹாரா அதற்குக் காமா செமினோபுரோட்டீன் என்று பெயரிட்டார். கலிபோர்னியாவில் தடய ஆய்வுக்காக சென்சபா அதை பி30 என்றார். அமெரிக்காவின் பஃபலோவில் 1979-ல் வாங், சூ குழுவினர் புராஸ்டேட் திசுவிலிருந்து பிரித்தெடுத்தது பி.எஸ்.ஏ. மூன்றும் ஒன்றே என்பது பிறகுதான் தெளிந்தது. அதுவும் ஒரு நொதி, புரதத்தை வெட்டும் வகை. விந்து வெளிவந்ததும் முதலில் கட்டியாகும். அந்தக் கட்டியைத் தாங்கும் புரதத்தை வெட்டி நீர்க்கச் செய்வது பி.எஸ்.ஏ.யின் வேலை. ஆரோக்கியமான ஒவ்வொரு ஆணின் புராஸ்டேட்டும் ஆயுள் முழுக்க இதைச் செய்கிறது. பெயரைக் கேட்டதும் புற்றை நினைப்பது நம் பழக்கம். நொதிக்கு அதில் பங்கில்லை.

பி.எஸ்.ஏ. எங்கள் வீட்டுக்குள் வந்தது அம்பாசமுத்திரத்துப் பெரியப்பா வழியாக. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன் செய்தது பெரியம்மா. "எம்மா, பெரியப்பா ராத்திரி நாலஞ்சு தடவ எந்திரிச்சுப் போறாவ. டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்திருக்காரு, என்னமோ நம்பர் கூட வந்திருக்காம். உங்கிட்ட சொல்லக் கூச்சப்படுதாவ." பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "நாலுதான் பாஸ் மார்க்காம்ல. அதுக்கு மேல போனா ஃபெயிலாம். இதென்ன தலகீழ்ப் பரீட்சை?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பயந்திருந்தார்.

அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, தாமிரபரணிக் கால்வாய்களும் குளங்களுமாக இருக்கும் அவர் ஊரே கைகொடுத்தது. "பெரியப்பா, குளம் நெறஞ்சு கெடக்கு, கரை நல்லா இருக்கு. வயக்காட்டுல தண்ணி நிக்குமா?" "மடை தொறந்தாத்தான வரும்." "கரை ஒடஞ்சா?" "குளத்துல பாதித் தண்ணி இருந்தாலும் காடு முங்கிரும்." அவ்வளவுதான் விஷயம். பி.எஸ்.ஏ. விந்துத் திரவத்தில் மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. ரத்தத்தில் நானோகிராம் கணக்கில். பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தைக் காப்பது சுரக்கும் செல்களின் ஒழுங்கும், அடிச்செல் வரிசையும், வெளிச்சவ்வும். புற்றுச் செல் ஒவ்வொன்றும் சாதாரணச் செல்லைவிடக் குறைவாகவே பி.எஸ்.ஏ.யைச் செய்கிறது, ஆசிட் பாஸ்படேஸும் அப்படியே. ஸ்லைடில் சாயம் போட்டுப் பார்த்தால் வீங்கிய சுரப்பி அடர்ந்த பழுப்பில் இருக்கும். மோசமான புற்று அங்கங்கே வெளிறிக் கிடக்கும். ஆனால் புற்று கரையை உடைத்துவிடுகிறது, செய்த கொஞ்சமும் நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ஸ்டேமி 1987-ல் கணக்குப் போட்டார். வீங்கிய திசு ஒவ்வொரு கிராமும் ரத்தத்தில் பி.எஸ்.ஏ.யை மில்லிலிட்டருக்கு 0.3 நானோகிராம் ஏற்றியது, புற்றுத் திசு 3.5. குறைவாகச் செய்யும் திசு பத்து மடங்குக்கு மேல் கசியவிட்டது.

"அப்ப எனக்குக் கரை ஒடஞ்சிருக்கா?" என்றார். எண் ஒன்றை வைத்து அதைச் சொல்ல முடியாது. குளம் பெரிதானாலும் கசிவு கூடும். கிருமித் தொற்று, சிறுநீர் அடைப்பு, ஏன், முந்தின நாள் விந்து வெளியேறியிருந்தாலும் எண் ஏறலாம். அவருக்குப் பயாப்ஸி எடுத்தார்கள். வீக்கம்தான் என்று வந்தது. பெரியம்மா பாபநாசத்துக்குப் போய்வந்தார்.

இதே ஸ்டேமி 2004-ல், அமெரிக்காவில் பி.எஸ்.ஏ.யின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார். அந்த எண் இப்போது பெரும்பாலும் வீக்கத்தின் அளவைத்தான் சொல்கிறது என்றார். ஏறிய எண்ணைத் துரத்தித் துரத்தி, தீங்கே செய்யாமல் கிடந்திருக்கும் சிறிய புற்றுகளையெல்லாம் அறுத்துத் தள்ளினார்கள் அங்கே. 1970-லேயே புராஸ்டேட்டின் ஆன்டிஜென் பற்றி எழுதிய ரிச்சர்ட் ஆப்லின், 2010-ல் பத்திரிகையில் இந்தப் பொதுப் பரிசோதனைக்கு எதிராகவே குரல் எழுப்பினார். அமெரிக்க நிபுணர் குழு 2012-ல் எல்லாருக்கும் இது வேண்டாம் என்றது. 2018-ல் 55 முதல் 69 வயதுவரை உள்ளவர் டாக்டரோடு பேசி முடிவு செய்யட்டும் என்று தளர்த்தியது. நம் கதை வேறு. இங்கே முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் கேட்காமலே பி.எஸ்.ஏ. வந்து விழுபவர்கள் ஒரு பக்கம், முதுகெலும்பு நொறுங்கிய பிறகு முதன்முதலாக ஆஸ்பத்திரிப் படி ஏறுபவர்கள் மறுபக்கம். நான் அதிகம் பார்த்தது இரண்டாம் வகையை.

ஒருமுறை கழுத்து நெறிக்கட்டு ஒன்று வந்தது. இடப்பக்கக் காறை எலும்புக்கு மேலே. வயிற்றிலிருந்து வந்திருக்கும் என்று எண்டோஸ்கோபி முடித்திருந்தார்கள். ஸ்லைடில் தாறுமாறான புற்று, எங்கிருந்து வந்தது என்று முகம் காட்டவில்லை. குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் ஐ.எச்.சி. சாய வசதி எங்களிடம் அப்போது இல்லை. பிளாக்கை வெளியூர் லேபுக்கு அனுப்பினோம். பி.எஸ்.ஏ. பாசிட்டிவ் என்று வந்தது. கழுத்துவரை வந்த பிறகும் அந்தச் செல்கள் தங்கள் பழைய தொழிலை முற்றிலும் மறக்கவில்லை. ஆசிட் பாஸ்படேஸ் சாயத்தையும் இதற்குப் பயன்படுத்துவார்கள், ஆனால் மலக்குடலின் கார்சினாய்டு கட்டியும் அதில் நிறம் பிடிக்கும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. மிக முற்றிய சில புராஸ்டேட் புற்றுகள் பி.எஸ்.ஏ. செய்வதையே விட்டுவிடும். அவர்களுக்கு உடலெங்கும் நோய் இருக்கும், ரத்தத்தில் எண் சாதுவாக இருக்கும். தலைகீழ்ப் பரீட்சை என்று பெரியப்பா சொன்னது அவர் நினைத்ததைவிடச் சரி.

ஊசிப் பயாப்ஸி காலம் வந்ததும் பத்தாலஜிஸ்டுகளின் தூக்கம் போனது. நூல்போல் மெலிந்த பன்னிரண்டு துணுக்குகள். அதில் ஒன்றில், ஓர் ஓரத்தில், நாலைந்து சின்னச் சுரப்பிகள். புற்றா, வெறும் சுருங்கிய சுரப்பியா? அடிச்செல் இருக்கிறதா இல்லையா என்று கண் வலிக்கத் தேடுவோம். அடிச்செல்லுக்கான சாயம் போட்டால், புற்று என்றால் நிறம் வராது. இல்லாததை வைத்துத் தீர்ப்பு எழுதுவது மனத்துக்கு ஒப்பாது. சாயமே சரியாகப் பிடிக்காமல் போயிருக்கலாமே. இருப்பதைக் காட்டும் ஒன்று வேண்டும் என்று உலகெங்கும் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ரேசிமேஸ் வந்தது. லேபில் நாங்கள் 'அமாகர்' என்போம். கிளையுள்ள கொழுப்பமிலங்களை உடைப்பதற்கு முன் அவற்றின் வடிவைத் திருப்பிவிடும் நொதி. சாதாரண புராஸ்டேட்டில் மிகக் குறைவு, புற்றில் மிகுதி. 2000 முதல் 2002-க்குள் அடுத்தடுத்து மூன்று நான்கு அமெரிக்கக் குழுக்கள் இதை எழுதின. முதல் கட்டுரைகளைப் படித்தபோது, இனிப் பிரச்சினை தீர்ந்தது என்றே தோன்றியது. பிறகு நடைமுறை பாடம் சொன்னது. நுரைத்த சைட்டோபிளாசம் கொண்ட புற்றிலும் சுருங்கிய சுரப்பி வடிவப் புற்றிலும் நிறம் மங்கும். புற்றுக்கு முந்தைய மாற்றமான 'பி.ஐ.என்.' என்பதிலும், புற்றே இல்லாத சில சுரப்பிகளிலும் நிறம் ஏறும். எனவே இன்று இரண்டையும் ஒரே ஸ்லைடில் போடுகிறார்கள். அடிச்செல் பழுப்பு, ரேசிமேஸ் சிவப்பு. பழுப்பு வேலி இல்லாமல் சிவந்து நிற்கும் சுரப்பியைக் கண்டால் கை ரிப்போர்ட்டை எழுதத் துணியும். அப்போதும் முதல் சாட்சி சாதாரண எச் அண்ட் ஈ ஸ்லைடுதான்.

அந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் 'நேச்சர்' இதழ் ஒன்றைப் புரட்டியது நினைவிருக்கிறது. 2001 ஆகஸ்ட். மிச்சிகனில் ஆன் ஆர்பரிலிருந்து வந்த கட்டுரை. முதல் பெயர் தனசேகரன், கடைசிப் பெயர் சின்னையன். காதுக்குப் பழகிய பெயர்களைக் கண்ட சந்தோஷத்திலேயே முழுவதும் படித்தேன். புற்றுத் திசுவிலும் புற்றல்லாத திசுவிலும் ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒரே நேரத்தில் ஒப்பிட்டிருந்தார்கள். மேலே வந்தவற்றில் இரண்டு நொதிகள், ஹெப்சின், பிம்-1. நூற்றுக்கணக்கான திசுப் பொட்டுகளை ஸ்லைடில் அடுக்கிச் சாயம் போட்டுச் சரிபார்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே குழு இ.இசட்.எச்.2 என்ற நொதியைக் காட்டியது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதத்தில் மெத்தில் முத்திரை குத்தி ஜீன்களை வாய் மூட வைப்பது அதன் வேலை. பரவிய புற்றில்தான் மிக உச்சம். 2005-ல் இன்னொன்று: டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதியின் ஜீனுடைய சுவிட்ச் பிய்ந்துபோய் வேறொரு ஜீனோடு ஒட்டிக்கொண்டு, ஆண் ஹார்மோன் வரும்போதெல்லாம் அதை முடுக்கிவிடுகிறது. அமெரிக்க நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த ஒட்டு இருந்தது. ஆசிய நாடுகளில் பார்த்தவற்றில் குறைவு. வாயில் நுழையாத அந்தப் பெயர் 2020-ல் செய்தித்தாள்களில் வந்தது. கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழையத் துணைபோகும் நொதி அதுவே. மாஸ்க் போட்டுக்கொண்டு பேப்பர் படித்த எனக்குப் பழைய ஆள் ஒருவரைத் தெருவில் கண்ட உணர்வு.

ஏறுவதை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். இறங்குவது இன்னும் சுவாரசியம். 1994-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒன்று ஜி.எஸ்.டி.பி.1 என்ற நொதியைப் பார்த்தது. நச்சுகளை முறித்து டி.என்.ஏ.யைக் காப்பது அதன் பணி. புராஸ்டேட் புற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்த ஜீன் மெத்தில் பூட்டால் அடைக்கப்பட்டுக் கிடந்தது. காவலை முதலில் விலக்கிவிட்டுத்தான் புற்று வளர்கிறது. துத்தநாகக் கதை அதற்கும் பழசு. 1952-ல் மாசன், ஃபிஷர் இருவர் கனடாவில், மனித புராஸ்டேட்டில் துத்தநாகம் மிக அதிகம், புற்றில் அது வடிந்துவிடுகிறது என்று கண்டார்கள். பிற்பாடு மேரிலாந்தில் காஸ்டெல்லோவும் ஃபிராங்க்ளினும் காரணத்தைக் கோத்தார்கள். துத்தநாகம் அகோனிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது, அதனால் சிட்ரேட் எரியாமல் சேர்ந்து விந்துத் திரவத்துக்குப் போகிறது. பிற திசுக்கள் எரித்துச் சக்தியாக்குவதைப் புராஸ்டேட் தானம் செய்கிறது. புற்றுச் செல் துத்தநாகத்தை உதறுகிறது, அகோனிடேஸ் விடுபடுகிறது, சிட்ரேட் எரிகிறது. எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் சிட்ரேட் இறங்கியிருந்தால் சந்தேகப்படுவது இதனால்தான்.

பெரியப்பாவுக்கு வீக்கத்தைக் குறைக்க ஃபினாஸ்டரைடு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அவரே போன் செய்தார். கூச்சம் போயிருந்தது. "எம்மா, நம்பர் நேர் பாதியாயிட்டு. வியாதி பாதி போயிட்டுல்லா?" கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு சரி, விடை தவறு. அந்த மாத்திரை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியை மறிக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான வடிவுக்கு மாற்றும் நொதி அது. அதன் முக்கியத்துவத்தை உலகுக்குச் சொன்னது 1974-ல் வெளிவந்த ஆய்வு: டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்ற ஊரில், பிறக்கும்போது பெண் என்று கருதி வளர்க்கப்பட்ட சில பிள்ளைகள் பருவ வயதில் ஆணாக மாறினார்கள். அவர்களுக்கு இந்த நொதியில் குறை. வளர்ந்த பிறகும் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அந்தக் குறையை மாத்திரையால் உண்டாக்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது ஃபினாஸ்டரைடு. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது பி.எஸ்.ஏ. சுரப்பதையும் ஏறத்தாழப் பாதியாக்கும். ஆகவே ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிடுபவரின் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். முடி கொட்டுவதற்குக் கொடுக்கும் சிறிய மாத்திரையும் அதே மருந்துதான், அதே வேலையைச் செய்யும். "அப்ப மாத்திர திங்கறவன் இத டாக்டர்ட்ட சொல்லலன்னா?" என்றார். மூன்று என்று வந்திருக்கும். உண்மையில் ஆறு. எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள்.

புற்றில் ஏறும் நொதிகளில் இன்று பெரிய பெயர் பி.எஸ்.எம்.ஏ. ஃபோலேட்டின் வாலைக் கத்தரிக்கும் நொதி. சிறுகுடலில் அது நாம் தின்னும் கீரையின் ஃபோலேட்டை உறிஞ்சத் தயாராக்குகிறது. புராஸ்டேட் புற்றுச் செல்லின் மேல்சவ்வில் அது நெருக்கமாக முளைக்கிறது, புற்று முற்றமுற்றக் கூடுகிறது. பி.எஸ்.ஏ. வெளியே கசியும், இது செல்லோடு ஒட்டி நிற்கும். அதில் போய் மாட்டிக்கொள்ளும் மருந்தில் கேலியம் சேர்த்தால் பெட் ஸ்கேனில் ஒளிரும், லுட்டீசியம்-177 சேர்த்தால் அங்கேயே கதிர்வீசிச் சுடும். லுட்டீசியம் வைத்தியத்துக்கு 2022 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நம் பெருநகரங்களிலும் செய்கிறார்கள், செலவுதான் மலைக்க வைக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் உலர்ந்துபோகும். நொதியின் பெயரில் 'புராஸ்டேட்டுக்கே உரிய' என்று எழுதியிருப்பது உடலுக்குத் தெரியாது.

ஆசிட் பாஸ்படேஸும் முழுக்கப் போய்விடவில்லை. 2010-ல் அமெரிக்காவில் ஒரு சிகிச்சை அனுமதி பெற்றது. நோயாளியின் சொந்த எதிர்ப்புச் செல்களை வெளியே எடுத்து, ஆசிட் பாஸ்படேஸை அடையாளம் காட்டிப் பழக்கி, திரும்ப உடலுக்குள் செலுத்துவது. ரத்தத்தில் எண் தேடிய காலம் போய், திசுவில் இலக்காக அதற்கு இரண்டாம் வாழ்வு. ஐஸில் வைத்துக் காப்பாற்றிய எங்கள் பயோகெமிஸ்ட்ரி நண்பர்களிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார்கள்.

இவ்வளவையும் அசைபோட்டுப் பார்த்தால் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. நான் பார்த்த நொதிகளில் ஒன்றுகூடப் புற்றுக்கென்று தனியாகப் பிறந்ததில்லை. எல்லாம் நம் உடலின் அன்றாட வேலையாட்கள். புற்று அவற்றில் சிலதைக் கூட்டுகிறது, சிலதை அணைக்கிறது, சிலதை இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெளியே விடுகிறது. அதனால் ரத்தத்தின் எண் ஒரு கேள்வியாக மட்டுமே இருக்க முடியும். பதில் திசுவில் இருக்கிறது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெரியவருக்கு பி.எஸ்.ஏ. பார்க்கப் போனால், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும், முடி மாத்திரை உட்பட, எழுதிக்கொண்டு போங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தால் அது அடங்கிச் சில வாரம் கழித்துப் பாருங்கள். டி.யு.ஆர்.பி. ரிப்போர்ட்டில் புற்று இல்லை என்று வந்தால், சுரண்டியது சுரப்பியின் நடுப்பகுதியை என்பதையும் பெரும்பாலான புற்றுகள் வெளிப்பகுதியில் தொடங்குவதையும் நினைவில் வைத்து, டாக்டர் சொல்லும் தொடர் பரிசோதனையை விடாதீர்கள். பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். எந்த லேபும் காலம் முழுக்க வைத்திருக்காது. வெயில் படாத இடத்தில், பெயரும் எண்ணும் அழியாமல், ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் பிளாக்கிலிருந்து புதிய சீவல் எடுக்கலாம், இன்று நமக்குப் பெயர் தெரியாத நொதிக்கும் அன்று சாயம் போட்டுப் பார்க்கலாம்.